அமெரிக்கன் ஃபுட்பால் பழக ஒரு சின்னக் கல்லூரி அணி போதும்

இண்டியானாவுக்குக் குடிவந்த முதல் இரண்டு வருஷம், செப்டம்பர் பிறந்தால் எனக்கு அலுவலகத்தில் பேச ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை காலையில் காபி மெஷினைச் சுற்றி ஃபுட்பால் தவிர வேறு பேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் ஐந்து விநாடி ஆட்டம், மோதி விழுந்து ஒரு குவியல், அப்புறம் கார் விளம்பரம், இன்ஷூரன்ஸ் விளம்பரம். பந்து யாரிடம் இருக்கிறது, எதற்கு அந்த மஞ்சள் துணியை வீசுகிறார்கள், எதுவும் புரியாது. மூன்றாவது வருஷம், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை மதியம் காரில் ஏற்றிக்கொண்டு க்ராஃபர்ட்ஸ்வில் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார். வாபாஷ் கல்லூரியின் ஆட்டம். அந்த ஒரு சீசன் முடிவதற்குள் ஆட்டம் பிடிபட்டுவிட்டது, மனசுக்குப் பிடித்தும் போய்விட்டது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சின்னக் கல்லூரி அணியை உங்கள் அணியாக வைத்துக்கொண்டு, அதன் பத்து ஆட்டங்களையும் விடாமல் பாருங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடியும் பார்க்கலாம். அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: அணியைத் தேர்ந்தெடுப்பது

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்களோடு டிவியில் வரும் மிச்சிகன், அலபாமா எல்லாம் டிவிஷன் 1. நமக்கு வேண்டியது 1973-ல் உருவான டிவிஷன் 3. இதில் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் ஏறக்குறைய 240. விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்து மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கிற உதவித்தொகை இவர்களுக்கும் உண்டு. பந்து நன்றாகப் பிடிக்கிறான் என்பதற்காக ஒரு டாலர் கூடக் கிடையாது. என்எஃப்எல்லுக்குப் போகிறவன் அபூர்வத்திலும் அபூர்வம். பகலில் கெமிஸ்ட்ரி லேப், சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை உடம்பு வலியோடு அசைன்மெண்ட். நான்கு வருஷம் இப்படி ஆடிவிட்டு டாக்டராகவோ ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ போய்விடுவார்கள். இது தெரிந்தபிறகு மைதானத்தில் நடப்பதைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய கல்லூரி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கதையுள்ள அணியாகப் பார்த்து எடுங்கள். ஒஹாயோவின் மவுண்ட் யூனியன் 13 முறை தேசிய சாம்பியன், ஜெயிக்கிற அணிதான் வேண்டும் என்பவர்களுக்கு அது. ஓபர்லின் ஜெயிப்பது குறைவு. ஆனால் 1921-ல், இன்று டிவிஷன் 1-ல் இருக்கும் பெரிய பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டை 7–6 என்று தோற்கடித்தது அந்தக் கல்லூரி. அதற்குப் பிறகு இன்றுவரை ஒஹாயோவின் வேறெந்த அணியாலும் ஒஹாயோ ஸ்டேட்டை ஜெயிக்க முடியவில்லை.

மினசோட்டாவின் காலேஜ்வில்லில், பெனடிக்டின் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. அந்த அணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியாக வேண்டும். அங்கே ஜான் கக்லியார்டி என்பவர் 1953 முதல் 2012 வரை பயிற்சியாளர். அதற்கு முன் இருந்த கல்லூரியையும் சேர்த்து மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் வேறு எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தக் கூடாது என்றார். விசில் கிடையாது என்றார். தன்னைக் ‘கோச்’ என்று கூப்பிட விடமாட்டார், பிள்ளைகள் ‘ஜான்’ என்றே கூப்பிட்டார்கள். உடம்பைச் சனிக்கிழமைக்குச் சேமித்து வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. 2003 டிவிஷன் 3 இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 55 ஆட்டங்கள் ஜெயித்து வந்திருந்த மவுண்ட் யூனியனை அவருடைய அணி 24–6 என்று வீழ்த்தியது. முரட்டுத்தனம்தான் இந்த ஆட்டம் என்று நினைத்திருந்த எனக்கு, இவரைப் பற்றித் தெரிந்துகொண்டது பெரிய திறப்பு.

நான் வாபாஷோடு நின்றுவிட்டேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த அணியை வைத்துத்தான். உங்கள் அணிக்கும் பொருந்தும்.

ஆட்டம் புரிய இவ்வளவு விதி போதும்

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம். ஒரு யார்டு என்பது மூன்றடி. இரு முனையிலும் பத்துப் பத்து யார்டுக்கு ‘எண்ட் ஸோன்’. பந்தை அங்கே கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. தலா 15 நிமிஷமாக நான்கு குவார்ட்டர்.

இந்த ஆட்டத்தைக் கால்பந்து மாதிரிப் பார்த்தால் கடைசிவரை புரியாது. கிரிக்கெட் மாதிரிப் பாருங்கள். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்ச்சி. நடுவில் கேப்டன் ஃபீல்டிங்கை மாற்றுகிறார், பேட்ஸ்மேன் சுற்றிப் பார்க்கிறார், அடுத்த பந்துக்கு எல்லாரும் தயாராகிறார்கள். இங்கும் அப்படியே. ஒவ்வொரு ‘பிளே’யும் ஒரு பந்து. நடுவில் நிற்கிற நேரம் வீண் நேரம் அல்ல, யோசிக்கிற நேரம். ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா முதல் நாள், “என்னடா இது, அஞ்சு செகண்டு ஓடுறாங்க, அரை நிமிஷம் நிக்கிறாங்க?” என்று கேட்டார். “சித்தப்பா, பவுலர் திரும்பி நடந்து போற நேரம்னு வெச்சுக்கோங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அடுத்து பாஸா (எறிவதா), ரன்னா (கையில் வைத்துக்கொண்டு ஓடுவதா) என்று என்னோடு பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒரு வாய்ப்புக்கு ‘டவுன்’ என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஆட்டத்தின் முழு முடிச்சும் இதில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம். நம் அணிக்குத் தன் பக்கத்து 30-ஆம் கோட்டில், அதாவது தன் எண்ட் ஸோனிலிருந்து 30 யார்டில், பந்து. முதல் டவுன், வேண்டியது 10. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங்பேக் நடுவில் புகுந்து 3 யார்டு எடுக்கிறான். இரண்டாவது டவுன், வேண்டியது 7. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எறிகிறான், பந்து தரையில் விழுகிறது, முன்னேற்றம் இல்லை. மூன்றாவது டவுன், இன்னும் 7. மைதானத்தில் சத்தம் ஏறும் இடம் இது. ஓரத்தில் ஓடுகிறவனுக்கு எறிகிறான், அவன் 8 யார்டில் பிடித்து விழுகிறான். இப்போது 41-ல் பந்து, மறுபடி முதல் டவுன். அந்த எறி தவறியிருந்தால் நான்காவது டவுனில் பந்தை உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளியிருப்பார்கள். அதற்குப் பெயர் ‘பன்ட்’. ஆக, கண்ணை வைக்கவேண்டியது மூன்றாவது டவுனில். டீ குடிக்கப் போவதென்றால் முதல் டவுனில் போங்கள்.

புள்ளிகளில் இன்னும் கொஞ்சம். டச்டவுனுக்குப் பிறகு, எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கும் இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 1 கூடுதல். உதைக்காமல் இன்னொரு பிளே ஆடி எண்ட் ஸோனுக்குள் போனால் 2. தூரத்திலிருந்து உதைத்துப் போடும் ஃபீல்ட் கோல் 3. ஒன்றா இரண்டா என்ற அந்த முடிவு எவ்வளவு கனமானது என்பதற்கு 2023 இறுதி ஆட்டம் சாட்சி. கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் நார்த் சென்ட்ரல் ஒரு டச்டவுன் போட்டு 38–37 என்று நெருங்கியது. உதைத்தால் சமநிலை. அவர்கள் வெற்றிக்கே போவோம் என்று இரண்டுக்கு முயன்றார்கள். கார்ட்லண்ட் தடுத்துவிட்டது, கோப்பை கார்ட்லண்டுக்கு. அந்த முடிவு சரியா தவறா என்று இப்போதும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நார்த் சென்ட்ரல் முந்தைய வருஷத்து சாம்பியன், தாக்குதலில் பலமான அணி. அந்த இடத்தில் துணிந்தது சரி என்பதே என் எண்ணம்.

எறிவதில் ஒரு விதி: முன்னோக்கி ஒரு பிளேயில் ஒரே ஒரு முறைதான் எறியலாம். பின்னோக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாற்றலாம். 2007 அக்டோபரில் டெக்சஸின் டிரினிட்டி அணி, மில்சாப்ஸுக்கு எதிராக இரண்டு விநாடி மிச்சமிருக்கும்போது தோற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கடைசிப் பிளேயில் பந்தைப் பின்னோக்கி 15 முறை கைமாற்றி, ஒரு நிமிஷம் மைதானம் முழுக்க ஓடி, டச்டவுன் போட்டு 28–24 என்று ஜெயித்தது. வீடியோ இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். விதியைப் படித்துவிட்டு அதைப் பாருங்கள், மறக்காது.

மஞ்சள் துணி விழுந்தால் தவறு. முன்கூட்டி அசைந்தால் 5 யார்டு, எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10, ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்துத் திருகினால் 15. மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வரும்.

நாட்காட்டி

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தையொட்டி பயிற்சி முகாம். அப்போதே கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்தில் அணிப் பட்டியல் ஏறிவிடும். நூறு பேருக்கு மேல் இருந்தால் மலைக்காதீர்கள்; குவார்ட்டர்பேக், ஒரு ரன்னிங்பேக், எறிவதைப் பிடிக்கும் இரண்டு ரிசீவர், தடுப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கர் என்று ஐந்து பெயரைக் குறித்துக்கொண்டால் போதும். அதில் ஒருவனாவது கடைசி வருஷ மாணவனாக இருக்கட்டும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமைகளில், தன் லீக்கில் இல்லாத கல்லூரிகளோடு வெளி லீக் ஆட்டங்கள். இவற்றில் தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கான கணக்கில் இவையும் சேரும். பிறகு லீக் ஆட்டங்கள். வாபாஷுக்கு அது நார்த் கோஸ்ட் லீக். லீக் சாம்பியனுக்கு நேராக பிளேஆஃபில் இடம். மீதி இடங்களுக்கு, யாரை ஜெயித்தார்கள், எதிரணி எவ்வளவு பலம் என்று பார்த்து எண் கொடுக்கும் என்பிஐ என்ற கணக்கு. 2024 முதல் பிளேஆஃபில் 40 அணிகள். நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை, தோற்றவர் வெளியே என்ற கணக்கில் ஓடும். இறுதி ஆட்டத்துக்கு ஸ்டேக் பவுல் என்று பெயர்.

நேரில் போகிறவர்களுக்கு

டிக்கெட் பெரும்பாலும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் முடிந்துவிடும். அரை மணி முன்னதாகப் போய், 40-ஆம் கோட்டுக்கு நேராக, மேல் வரிசையில் உட்காருங்கள். கீழே உட்கார்ந்தால் வீரர்களின் முதுகுதான் தெரியும். செப்டம்பரில் தொப்பியும் தண்ணீரும். நவம்பரில் கம்பளி கட்டாயம், உட்கார ஒரு மடித்த துண்டும் வேண்டும். அலுமினியப் பலகை ஜீன்ஸைத் தாண்டிக் குளிரை ஏற்றும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கடையில் பாப்கார்ன், நாச்சோஸ், ப்ரெட்சல், ஹாட் சாக்லேட் கிடைக்கும். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போய் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிடுவோம். அங்கே ஆட்டத்துக்கு முன் எல்லாருமே அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் கார்க்காரர் வந்து பேசுவார், அதிலேயே பாதி ஆட்டம் கற்றுக்கொள்ளலாம்.

கண்ணை எங்கே வைப்பது? முதல் இரண்டு ஆட்டத்துக்குப் பந்தைத் துரத்துங்கள், பரவாயில்லை. மூன்றாவது ஆட்டத்திலிருந்து பந்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து கனத்த ஆட்களைப் பாருங்கள். அவர்கள்தான் ஆஃபென்ஸிவ் லைன். பந்து அசைந்ததும் அவர்கள் முன்னால் பாய்ந்து முட்டினால் ரன். ஒரு அடி பின்வாங்கி, கைகளை நெஞ்சுக்கு முன் உயர்த்தி நிமிர்ந்தால் பாஸ். பந்து எங்கே என்று தேடவேண்டிய அவசியமே இல்லை, அந்த ஐவரின் முதல் அடியே சொல்லிவிடும். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இது வீட்டில் சரியாகத் தெரியாது. சின்ன மைதானத்தில் அவர்கள் மோதும் சத்தமே காதில் விழும்.

இன்னொன்று, சங்கிலி. பக்கவாட்டில் ஆரஞ்சு நிறக் கம்பங்களைப் பிடித்தபடி சிலர் நிற்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே சரியாக 10 யார்டுக்கு ஒரு சங்கிலி. பிடிப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் பல வருஷம் ஒரு பள்ளி மைதானத்தில் சங்கிலி பிடித்தவர். மூன்றாவது டவுனில் பந்து கோட்டை ஒட்டி நின்று, எட்டியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நடுவர் கையசைப்பார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மூவரும் மைதானத்துக்குள் ஓடுவார்கள். ஒருவர் பின்கம்பத்தை ஊன்றுவார். முன்கம்பக்காரர் சங்கிலியை விறைப்பாக இழுப்பார். நடுவர் குனிவார். பந்தின் மூக்கு கம்பத்தைத் தொட்டால் முதல் டவுன். நான் பார்த்த ஒரு அளவையில் ஒரு விரற்கடை இடைவெளி. நடுவர் இரு கைகளாலும் அந்த இடைவெளியைக் காட்டினார். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு. அத்தனை பேர் அத்தனை நேரம் முட்டி மோதியது கடைசியில் ஒரு விரற்கடையில் போய் நின்றது.

ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு

பெரும்பாலான டிவிஷன் 3 கல்லூரிகள் தங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன, பல இடங்களில் இலவசமாகவே. கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்தில் அட்டவணைக்குப் பக்கத்தில் வீடியோ அடையாளம் இருக்கும். நேரத்தில் மட்டும் கவனம். இண்டியானாவில் மதியம் 1 மணி என்றால் இந்திய, இலங்கை நேரப்படி சனி இரவு 10:30. மினசோட்டா ஒரு மணி நேரம் பிந்தியது, அங்கே 1 மணி என்றால் நமக்கு 11:30. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிவிடும். அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சீசனின் முக்கியமான ஆட்டமே நவம்பர் நடுவில்தான் வரும், அதனால் இதைக் குறித்து வையுங்கள்.

வர்ணனையாளர் பெரும்பாலும் மாணவராகவோ பழைய மாணவராகவோ இருப்பார். கேமரா ஒன்றோ இரண்டோதான். அதில் ஒரு நன்மை உண்டு: அந்த ஒற்றைக் கேமரா மேலிருந்து அகலமாகக் காட்டும், ஐவரின் முதல் அடி அதில் நன்றாகத் தெரியும்.

தோற்கும்போது

உங்கள் அணி நிச்சயம் தோற்கும். சில சின்ன அணிகள் நிறையத் தோற்கும். மினசோட்டாவின் மெக்காலிஸ்டர் கல்லூரி 1974-க்கும் 1980-க்கும் இடையில் தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது. முதலாண்டில் சேர்ந்து நான்கு வருஷமும் ஆடி, ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போன பையன்கள் அங்கே இருந்தார்கள். இழக்க ஸ்காலர்ஷிப்பும் இல்லை, பாதியில் விட்டுப் போயிருக்கலாம். இருந்தும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வந்து நின்றார்கள். 1980-ல் கடைசி விநாடிகளில் போட்ட ஒரு ஃபீல்ட் கோலால் அந்தத் தொடர் முடிந்தது. நம் அணி மூன்று ஆட்டம் தோற்றால் விட்டுவிடலாமா என்று தோன்றும்போது நான் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான்.

தோற்ற ஆட்டத்தில் ஸ்கோரை விட்டுவிட்டு மூன்றாவது டவுன் கணக்கைப் பாருங்கள். ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரில் ‘12-ல் 3’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். பத்தில் நான்குக்கு மேல் எடுத்திருந்தால் நல்ல ஆட்டம், தோல்விக்கு வேறு காரணம் தேடவேண்டும்: பந்தைப் பறிகொடுத்தார்களா, மஞ்சள் துணி அதிகமா என்று.

கடைசி சனிக்கிழமை

வாபாஷுக்கு நவம்பர் நடுவில் ஒரு ஆட்டம். எதிரணி 27 மைல் தூரத்தில் கிரீன்காஸ்டிலில் இருக்கும் டிபாவ் கல்லூரி. 1890 முதல் மோதுகிறார்கள், வெற்றிக் கணக்கு இத்தனை காலத்துக்குப் பிறகும் நெருக்கமாகவே இருக்கிறது. இரண்டு ஊர்களையும் இணைத்து ஓடிய மோனன் ரயில்வே, தன் எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுத்த மணி 1932 முதல் இதற்குப் பரிசு. ஏறக்குறைய 300 பவுண்டு எடை. ஜெயித்த கல்லூரியில் ஒரு வருஷம் இருக்கும். தோற்ற கல்லூரி மாணவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அதைத் தூக்கிப் போன கதைகள் இரண்டு ஊரிலும் ஏராளம்.

2001-ல் 21–21 என்று சமநிலை, சில விநாடிகளே மிச்சம். வாபாஷின் குவார்ட்டர்பேக் எண்ட் ஸோன் பக்கமாகத் தூக்கி எறிந்தான். கூட்டத்தின் நடுவே எகிறிய ஒருவன் அதைப் பிடிக்க முயலாமல், பின்னால் வந்துகொண்டிருந்த தோழனுக்குத் தட்டிவிட்டான். 27–21. க்ராஃபர்ட்ஸ்வில்லில் ‘அந்த கேட்ச்’ என்றால் அதுதான். வேறு விளக்கம் தேவையில்லை.

இதுமாதிரி ஒரு ஆட்டம் அநேகமாக உங்கள் அணிக்கும் இருக்கும். கார்ட்லண்டுக்கும் இத்தாக்காவுக்கும் ஒரு ஜாடி பரிசு. 2019-ல் அந்த ஆட்டத்தை நியூயார்க்குக்குப் பக்கத்து மெட்லைஃப் ஸ்டேடியத்தில் வைத்தபோது 45,161 பேர் வந்தார்கள், டிவிஷன் 3-ல் அதுவே சாதனை. அந்த ஒரு சனிக்கிழமைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விட வேண்டாம். நேரலையையும் அணைக்க வேண்டாம். ஜெயித்தவர்கள் மணியை நோக்கி ஓடுவதைப் பாருங்கள், பிறகு மற்ற பக்கம் திரும்புங்கள். பிளேஆஃபில் இடமில்லாத அணியின் கடைசி வருஷ மாணவர்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். ஏழெட்டு வயதில் போட்ட ஹெல்மெட்டை அவர்களில் பலர் அன்றைக்குத்தான் கடைசியாகக் கழற்றுகிறார்கள். நான் முதல் சீசனில் குறித்து வைத்திருந்த லைன்பேக்கர், தன் அம்மா புல்வெளியில் இறங்கி வந்த பிறகும் தோள்கவசத்தைக் கழற்றாமல் வெகு நேரம் நின்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆகஸ்டில் எடுத்த அணிப் பட்டியலைத் திறந்து, முதலாண்டு என்று போட்டிருக்கும் பெயர்களில் நீங்கள் ஆட்டத்தில் பார்த்தவற்றை அடிக்கோடிடுங்கள். அடுத்த சீசனுக்கான உங்கள் ஐந்து பேரை அதிலிருந்து எடுக்கலாம்.